காது நாளுக்கு மறுநாள்

முதல் வகுப்பில் இது ஐம்புலன் வாரம். திங்கள் கண், செவ்வாய் காது, புதன் மூக்கு, வியாழன் நாக்கு, வெள்ளி தோல். வாரத்துக்கு ஐந்து பள்ளி நாள், மனுஷனுக்கு ஐந்து புலன் என்று கணக்குப் பொருந்திப்போனதில், பாடத்திட்டம் போட்ட மகராசனுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்திருக்கும். டீச்சருக்குத்தான் செவ்வாய்க்கிழமையோடு தூக்கம் போய்விட்டது.

ஏன் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களுக்காக மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சரின் அண்ணன் மகள் பட்டாணி. வயது ஆறு. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து வைத்த பெயர், இன்னும் கழற்ற முடியவில்லை. படிப்பது அத்தையின் வகுப்பிலேயே. செவ்வாய்க்கிழமை டீச்சர் மேசைக்கு முன்னால் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்தாள். சாவிக்கொத்து. காகிதம் கிழிப்பது. டம்ளரில் ஸ்பூன். கடைசியில் கைமணி.

"மணி!" என்று வகுப்பே கத்தியது. கடைசி வரிசையில் பட்டாணி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிரித்த முகமாக, விளையாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் நிறுத்தியிருந்தேன். அப்படி நிறுத்தியதற்கு என்னைத் திட்டி எழுதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டீச்சரும் அங்கேயேதான் நின்றுபோனாள்.

பட்டாணி கடைசி வரிசைக்குத் தானாகப் போகவில்லை. பள்ளி திறந்தபோது முதல் பெஞ்சில், டீச்சரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். 'சொந்தக்காரப் பிள்ளைன்னா மடியிலயே வச்சுக்குவாங்க' என்று வாசலில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாளே டீச்சர் தன் நியாயத்தை ஊருக்குக் காட்டினாள். பட்டாணி முதலிலிருந்து கடைசிக்குப் போனாள். அதற்குப் பிறகுதான் 'கவனம் இல்லை', 'சொன்னதைச் செய்வதில்லை' என்று புகார்கள் ஆரம்பித்தன. எல்லாப் புகாரும் டீச்சருடையதுதான்.

'காது கேக்கலையா உனக்கு?' என்று எத்தனை முறை அதட்டியிருப்பாள்! ஒரு முறையாவது அதைக் கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

இப்போது இதை வீட்டில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அண்ணியிடம். அங்கேதான் சிக்கல்.

அண்ணி நூல் மில்லில் மெஷின் பார்த்து, சூப்பர்வைசர் ஆனவள். ஒரு காலத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான். போன வருஷம் கடைத்தெருவில் 'அண்ணி, அண்ணி' என்று டீச்சர் தொண்டை கிழியக் கூப்பிட்டும் அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். இன்னொரு நாளும் அப்படியே. போன் செய்தால் எடுப்பதில்லை, மெசேஜ்தான். 'மில்லுல சூப்பர்வைசர் ஆனதும் தலைக்கனம்' என்று டீச்சர் அண்ணனிடம் புலம்பினாள். அது சுடச்சுட அண்ணியிடம் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அதுவரை 'நீ, வா, போ' என்று கொஞ்சி வந்த நாத்தனாரை 'வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்' என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். நம் குடும்பங்களில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

புதன்கிழமை காலை டீச்சர் பள்ளிக்குப் போகாமல் முதலில் பஸ் நிலையத்துக்குப் போனாள். அண்ணன் முதல் நடையை முடித்துவிட்டு, தன் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, காலங்காத்தால? உங்க அண்ணியப் பத்தி கம்ப்ளைண்டா, என் பொண்ணப் பத்தி கம்ப்ளைண்டா?"

"அண்ணா, பட்டாணிக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன்."

அவன் சிரித்துவிட்டான். "அவளுக்கா? நேத்து ராத்திரி, நிலா ஏன் நம்ம கூடவே வருதுன்னு கேட்டா. பதில் தெரியாம நான்தான் தூங்கற மாதிரி நடிச்சேன்."

"அவ பேசறா அண்ணா. நீ பேசறது அவளுக்குக் கேக்குதா?"

"கேக்காமயா பதில் சொல்றா?"

"உன் முகத்தப் பாத்துச் சொல்றா. அவளுக்குப் பின்னாடி நின்னு நீ கூப்பிட்டு, அவ திரும்பினது எப்போ? ஒரு தடவ சொல்லு, நான் போயிடறேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். யோசித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு, இறங்க வேண்டிய இடம் தெரியாத பயணி மாதிரி அப்படியே நின்றது.

"நம்ம தெரு வழியா வண்டி போறப்ப ரெண்டு ஹாரன் அடிப்பேன். ஓடி வந்து கையாட்டுவாளே! அது கேக்காம எப்படி?"

"ஜன்னல்ல நின்னு பஸ்ஸையே பாத்துட்டு இருக்கிறவ ஹாரன் அடிக்கலன்னாலும் வருவா."

அண்ணன் டீ டம்ளரைப் படியில் வைத்தான்.

"நேத்து ஹாரன் வேலை செய்யல," என்றான். "நேத்தும் வந்தா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அண்ணன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏறாமல் நின்றான்.

"காது ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போ. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் போன்ல சொல்லிடறேன். ஆனா உங்க அண்ணிகிட்ட நீதான் சொல்லணும். என்னால முடியாதும்மா. அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது."

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நெரிசலில் பஸ் ஓட்டுகிறவன், பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டான். கோழை என்று நீங்கள் சொல்வீர்கள். டீச்சருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பஸ் வளைவில் திரும்பும்போது அவன் முழங்கையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் கோபப்பட முடியவில்லை.

வகுப்புக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டாணியின் பையை எடுத்து முதல் பெஞ்சில் வைத்தாள்.

"மிஸ், அவ ஏன் முன்னாடி?" என்று முதல் பெஞ்சுக்காரி உடனே வழக்கைத் தொடுத்தாள்.

"இன்னைக்கு மூக்கு நாள். மூக்கு நல்லா இருக்கிறவங்க முன்னாடி."

மூடியில் ஓட்டை போட்ட தகர டப்பாக்கள் மேசையில் வரிசையாக இருந்தன. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வெங்காயத்தைப் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். காப்பித்தூளைச் சிலர். ஒரு பையன் சோப்பை 'எங்க சித்தி' என்றான். வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

பட்டாணியின் முறை வந்தது. டீச்சர் அவள் தோளைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு டப்பாவாக மூக்கருகே கொண்டுபோனாள்.

"வெங்காயம். எலுமிச்சம்பழம். சோப்பு, துணி துவைக்கிறது இல்ல, குளிக்கிறது. இது பென்சில் சீவினது." கடைசி டப்பாவை வெகுநேரம் முகர்ந்தாள். "இதுல ஒண்ணுமே இல்ல மிஸ். வெறும் டப்பா."

அது ஏமாற்று டப்பா. காலையிலிருந்து பிள்ளைகள் அதில் பூ, பிஸ்கெட், ஒருத்தி யானை வரைக்கும் முகர்ந்திருந்தார்கள். வெறும் டப்பாவை வெறும் டப்பா என்று சொன்னது இவள் ஒருத்திதான். வகுப்பு கைதட்டியது. பெஞ்சைத் தட்டியது. விசிலடித்தது.

பட்டாணி கண்கட்டோடு நின்றாள். அடுத்த டப்பாவுக்காக மூக்கை நீட்டிக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவில், தனக்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் நின்றாள்.

டீச்சர் அவளுக்குப் பின்னால் போனாள். "பட்டாணி," என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு வகுப்பே கப்சிப்பென்று அடங்கும் அளவுக்குக் கத்தினாள். தன் குரல் உடைவது அவளுக்கே கேட்டது.

அந்த அமைதியில் கடைசி வரிசையில் பட்டாணிக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து நின்றாள்.

"அவளுக்குக் கேக்காது மிஸ். தொட்டுத்தான் கூப்பிடணும். நாங்க எல்லாரும் தொட்டுத்தான் கூப்பிடுவோம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே மிஸ்," என்றாள் அந்தப் பெண். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்கவில்லை. குழந்தைகளுக்கு அந்த அளவுக்கு மரியாதை இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மில் அடுத்த தெருவைத் தாண்டித்தான். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே போனதில்லை. அண்ணி வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்று யோசித்ததும் இல்லை.

காவலாளி உள்ளே விடவில்லை. "ஷிஃப்ட் நடுவுல யாரையும் கூப்பிட முடியாதும்மா. வேணும்னா அந்தக் கண்ணாடிகிட்ட போய் நில்லுங்க. அவங்களே பாத்தா உண்டு."

பக்கவாட்டுச் சுவரில் நீளமாக ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக மெஷின்கள். சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்து டீச்சரின் பல்லில் அதிர்ந்தது. உள்ளே ஒரு பெண் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே, நான்கு மெஷின் தள்ளி நிற்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும் என்று டீச்சர் வியந்தாள். பிறகு கவனித்தாள். யாரும் குரலால் பேசவில்லை. வாயைப் பெரிதாக அசைத்துப் பேசினார்கள். கூப்பிட வேண்டுமானால் தோளைத் தட்டினார்கள். தலைவலி, சாப்பாடு, வீட்டுச் சண்டை எல்லாம் அந்த உதடுகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே இருவரையும் பார்த்ததும் முகம் வெளிறியது. வாயை அசைத்தாள்.

"அம்மா கேக்கறா, ஏன் ஸ்கூல்ல இல்லன்னு," என்றாள் பட்டாணி. சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துத் தானும் வாயை அசைத்தாள். உள்ளிருந்து பதில் வந்தது. "அம்மா கேக்கறா, காய்ச்சலான்னு. இல்லன்னு சொல்லிட்டேன். சாப்பிட்டியான்னு கேக்கறா. அத்தை, நாம இன்னும் சாப்பிடலல்ல?"

டீச்சர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். குழந்தை ஏன் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மில்லில் பேசுவது மாதிரியேதான் அண்ணி வீட்டிலும் பேசுவாள். தோளைத் தொட்டு, முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்து. மில்லுக்காரிகளுக்கு அது பழக்கம். அதைக் கேலி செய்து டீச்சரே சிரித்திருக்கிறாள். பட்டாணி பிறந்ததிலிருந்து பேச்சு என்றாலே அதுதான் என்று வளர்ந்துவிட்டாள். வீட்டில் டிவி மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

அண்ணி வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு.

"என்ன டீச்சர், பள்ளிக்கூட நேரத்துல?"

டீச்சர் சொன்னாள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த பக்குவமான வார்த்தைகள் எல்லாம் எங்கோ ஓடிப்போயின. 'காது கேக்கல அண்ணி' என்பது மட்டும்தான் மிஞ்சியது.

"யாருக்கு? என் பொண்ணுக்கா?" அண்ணி பட்டாணியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "கண்ணு, உன் பேரென்ன?"

"பட்டாணி."

"பாத்தீங்களா? கேக்குது. நல்லாக் கேக்குது."

"பின்னாடி நின்னு கூப்பிடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"ஒரே ஒரு தடவ."

அண்ணி குழந்தையின் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "மாட்டேன்," என்றாள். "என் பொண்ண நான் முகத்தப் பாத்துத்தான் கூப்பிடுவேன். பின்னாடி அனுப்பினது நீங்கதான், டீச்சர். முதல் பெஞ்சுல இருந்தவள தூக்கிக் கடைசில போட்டீங்க. அங்கேருந்து அவளுக்கு எதுவும் தெரியல. அதுக்கு இப்ப ஒரு வியாதிப் பேரு வைக்கிறீங்களா?"

"போட்டது தப்புதான் அண்ணி. என்னை என்ன வேணா சொல்லுங்க. செருப்பால கூட அடிங்க. டெஸ்டுக்கு மட்டும் வாங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

நிஜமாகவே விழுந்துவிடுவாள் போலிருந்தது. காவலாளி வேறு பக்கம் பார்த்தார். அண்ணி, குழந்தை பார்க்காதபடி அதன் முகத்தைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னாள்.

"இவள வயித்துல வச்சுக்கிட்டு எட்டாம் மாசம் வரைக்கும் அந்த மெஷின் பக்கத்துலதான் நின்னேன். உள்ள உதைக்கும். சத்தத்துக்கு உதைக்குதுன்னு பக்கத்துல இருக்கறவங்க சொன்னாங்க. சிரிச்சேன். டெஸ்ட்ல கேக்கலன்னு வந்தா நான் என்ன செய்வேன், சொல்லுங்க. நான் எங்க போய் முட்டிக்குவேன்?"

டீச்சர் அண்ணியின் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அண்ணி தடுக்கவில்லை. பிறகு உள்ளே போய் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

காது ஆஸ்பத்திரியில் கும்பல் இல்லை. சோதனை செய்யும் பெண்ணுக்குத்தான் ஜலதோஷம். மாஸ்க்கை முகவாய்க்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு பட்டாணியிடம் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஹெட்போன்ல கீ கீன்னு குருவி கத்தும். கத்தினா ஒரு கட்டைய இந்த வாளில போடணும். கத்தலன்னா போடக் கூடாது. சரியா?"

கதவில் கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே குழந்தை நாற்காலி, ஒரு கூடை நிறைய வண்ணக் கட்டைகள், ஒரு வாளி. அறைக்கு வெளியே அந்தப் பெண்ணின் மெஷின். பட்டாணி உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

முதல் கட்டை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். கட்டைகள் ஒன்று தவறாமல் விழுந்துகொண்டே இருந்தன. காதை மாற்றினாள். அதற்கும் அப்படியே.

"பெரியவங்களுக்கே இவ்வளவு சின்னச் சத்தம் கேக்காதே," என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "காது ரெண்டும் கண்ணாட்டம் இருக்கும்மா."

அண்ணி சத்தம் போட்டே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்? ஒரு நாளைக்கு என் உசிரையே கையில எடுத்துப் பாத்துட்டீங்க. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க. பிள்ளைய வேற ஸ்கூல்ல போட்டுக்கறோம்."

டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதுகூட உண்மை. உறவு போனால் போகட்டும், குழந்தைக்குக் காது இருக்கிறது, அது போதும் என்று நினைத்தாள். அந்த நினைப்போடுதான் கதவுக் கண்ணாடி வழியாகப் பட்டாணியைப் பார்த்தாள்.

அந்தப் பெண் துண்டை எடுக்கக் கையை நகர்த்தினாள். மூக்கைச் சிந்தினாள். உள்ளே ஒரு கட்டை வாளியில் விழுந்தது.

டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"மேடம்," என்றாள். "இப்ப சத்தம் கொடுத்தீங்களா?"

"இல்லையே. முடிஞ்சுதே."

"அவ உங்க தோளப் பாக்கறா. நீங்க பட்டன் அழுத்தறப்ப தோள் அசையுது. அதப் பாத்துப் போடறா." டீச்சர் நாற்காலியைக் காட்டினாள். "நாற்காலியச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சு இன்னொரு தடவ பாருங்க. தயவுசெஞ்சு."

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "வேண்டாம். நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல? வா பட்டாணி, போகலாம்."

ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே உள்ளே போய்விட்டாள். நாற்காலி திரும்பியது. பட்டாணி சுவரைப் பார்த்தாள். ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தயாரானாள்.

பட்டன் அழுந்தியது. கட்டை கன்னத்திலேயே இருந்தது. சத்தம் கூடியது. கட்டை அசையவில்லை. இன்னும் கூடியது. மூவரும் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடு, போட்டுவிடு கண்ணே என்று டீச்சர் மனசுக்குள் கெஞ்சினாள். அண்ணி கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தாள். பட்டாணி திரும்பவில்லை.

கடைசியில், ஹெட்போனைத் தாண்டி, மூடிய கதவையும் தாண்டி டீச்சருக்கே அந்தக் குருவி கேட்டபோதுதான் வாளியில் ஒரே ஒரு கட்டை விழுந்தது. விழுந்ததும் பட்டாணி பெருமையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அண்ணி அழவில்லை. அழுகையெல்லாம் பொய்ச் செய்திக்கே செலவாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

சோதனை செய்யும் பெண்ணுக்குத் தும்மல் வந்தது. மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு கேட்டாள். "டாக்டர் நாளைக்குப் பாத்துட்டு எவ்வளவு, எதனாலன்னு சொல்லுவார். காதுக்கு மெஷின் வைக்கலாம், பயப்படாதீங்க. குடும்பத்துல வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை இருக்கா?"

அண்ணி பேசாமல் அவளையே பார்த்தாள். பாவம், அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று டீச்சர் நினைத்தாள்.

"அம்மா, உங்களத்தான் கேக்கறேன். வேற யாருக்காவது இருக்கா?"

அண்ணி மாஸ்க்கையே பார்த்தாள். கண்ணில் ஒரு தவிப்பு. அந்தப் பெண் மெதுவாக மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"வேற யாருக்காவது இருக்கா?"

"இல்லையே," என்றாள் அண்ணி உடனே.

அந்தப் பெண் மாஸ்க்கை மறுபடியும் ஏற்றினாள். ஏதோ கேட்டாள். அண்ணி மறுபடியும் ஊமையானாள். மாஸ்க் இறங்கியது.

"நீங்களும் ஒரு தடவ உள்ள போய் உக்காருங்கம்மா," என்றாள் அந்தப் பெண் கனிவாக.

டீச்சருக்குக் கடைத்தெரு ஞாபகம் வந்தது. 'அண்ணி, அண்ணி' என்று கத்திய தன் குரல் ஞாபகம் வந்தது. எடுக்காத போன்கள். தெருமுனை வரை கேட்கும் டிவி. தலைக்கனம் என்று தான் சொன்ன சொல். பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அம்மா உள்ளே போகப் போகிறாள் என்று தெரிந்ததும் பட்டாணி ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியை மறுபடி கண்ணாடிப் பக்கமே திருப்பிப் போட்டாள். அம்மாவை உட்காரவைத்து, கையில் ஒரு கட்டையைக் கொடுத்தாள். பிறகு அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று, குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்துச் சொன்னாள். வாசலில் நின்ற டீச்சராலும் அதைப் படிக்க முடிந்தது.

'பயப்படாதம்மா. அந்த அக்காவோட தோள மட்டும் பாத்துட்டே இரு. அசைஞ்சா கட்டையப் போடு. எல்லாம் கரெக்டா வந்துடும்.'

அண்ணி குழந்தையின் தலையைத் தடவினாள். அதன் தலைக்கு மேலாக டீச்சரைப் பார்த்தாள்.

"நாற்காலியத் திருப்பி வைடி," என்றாள். "மில்லுல வருஷா வருஷம் வைக்கிற காது டெஸ்ட்ல நானும் இப்படித்தான் பாஸ் பண்ணிட்டு இருக்கேன்."